மேசை மேல் இரண்டு பம்புகள்

நீதிமன்ற மேசையில் நீச்சல் குளத்துப் பம்புகள் இரண்டு, பெயர் தெரியாதபடி காகிதம் ஒட்டப்பட்டு நிற்கின்றன. காப்புரிமை வாங்கிய தங்கள் பம்பை, முத்திரை உட்பட அப்படியே காப்பியடித்துவிட்டதாக ஒரு சின்னப் பட்டறை மேல் போட்டிக் கம்பெனி போட்ட வழக்கு இது. தோற்றால் பட்டறைக்குப் பூட்டுதான். பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியும் என்று சாட்சி சொல்ல, பட்டறை முதலாளி தன் பழைய ஃபிட்டரைக் கூட்டி வந்திருக்கிறார். ஜன்னல் வெயில் இரண்டு நீல மூடிகளிலும் ஒரே மாதிரி வழுக்குகிறது. “உங்க பம்பு எதுன்னு தொட்டுக் காட்டுங்க பெரியவரே” என்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல், சிரித்த முகமாக. “பெத்த பிள்ளைய அடையாளம் தெரியாதா சார்?” என்று ஃபிட்டர் இடப்பக்கத்துப் பம்பின் தலையில் செல்லமாகத் தட்டுகிறார். கூடமே சிரிக்கிறது. வக்கீல் நகத்தால் காகிதத்தை மெல்ல உரிக்கிறார். உள்ளே இருப்பது போட்டிக் கம்பெனியின் பெயர். தட்டிய கை மூடி மேலேயே கிடக்கிறது. “கெடுத்துட்டேனே முதலாளி” என்கிறார் ஃபிட்டர். முன்வரிசையில் முதலாளி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். “விடுப்பா. நானும் அதத்தான் தொட்டிருப்பேன்” என்கிறார், அவர் முகத்தைப் பார்க்காமல்.