பால்கட்டு

“நாய்க்கு வேணாம்னா, அது எப்படிம்மா சொல்லும்?” தெருநாய்களைப் பிடித்துப் போகும் கருத்தடை வண்டி முதன்முறை தெருவுக்கு வந்தபோது கோமளாவின் மகள் கேட்டாள். அவள் கல்யாணமாகிப் போய் வெகுகாலமாகிறது. தெருநாய் பஞ்சு ஈனும் குட்டிகளெல்லாம் லாரிச் சக்கரத்தில் நசுங்கிப் போவதைப் பார்க்கச் சகியாமல், இம்முறை கோமளாவே வண்டியைக் கூப்பிட்டாள். “பயப்படாதடி” என்று தடவிக்கொடுத்து அவளே ஏற்றியும் விட்டாள். அதன் வயிறு ஒட்டியிருந்ததைப் பட்டினி என்று நினைத்துவிட்டாள்.

கருத்தடை முடிந்த அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டுத் திரும்பிய பஞ்சு, இறங்கியதும் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் ஓடிற்று. அங்கே விறைத்துக் கிடந்த குட்டிகளின் பக்கத்தில் படுத்து, மடியைக் காட்டியது.

“குட்டி போட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?” என்றான் வண்டிக்காரன்.

“தெரியாதேப்பா…”

“சரி, பால் தானா வத்திரும். விடுங்க.”

கோமளா குட்டிகளை வேலியோரம் புதைத்தாள். பால் வற்றவில்லை. மறுநாள் பால் கட்டி மடி கல்லாக இறுகியிருந்தது. உச்சிவெயிலில் தெரு வெறிச்சோடியதும், மாரியம்மன் படத்துக்கு வாங்கிய மல்லிகையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய முதல் பிள்ளை இறந்தே பிறந்த அன்று, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி தன் கொண்டைப் பூவை உருவி, பால் வற்ற இப்படித்தான் கோமளாவின் மாரில் வைத்துக் கட்டினாள். அவள் பெயரைக்கூடக் கோமளா கேட்டுக்கொள்ளவில்லை. பஞ்சுவின் மடியில் பூவைப் பரப்பி, தையலில் படாமல் பழைய புடவைத் துணியால் சுற்றினாள். நாய் முனகவில்லை. கண் மட்டும் வேலியோரத்துப் புதுமண்ணை விட்டு அகலவில்லை.