ஒன்பது பேரில் எட்டுப் பேர்

"குற்றவாளி இந்த மாத்திரைதான். இனிமேல் ஒருத்தரும் தொடக் கூடாது" என்றார் டொக்டர் பிரதாப்.

நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தறை. வெளியே நாலடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாத பனிமூட்டம். பெஞ்சில் தலைக்குக் குளித்த ஈரத்தோடும், நெற்றி நிறையத் திருநீறோடும் எட்டுப் பெண்கள். ஒன்பதாவது ஆள் கடைக்கார ரஸீனா. அவள் நீட்டிய பிஸ்கட்டை யாரும் வாங்கவில்லை. வயிற்று வலி, பாவம் என்று பிரதாப் நினைத்துக்கொண்டார்.

ஒன்பது பேருக்கும் தோலில் வெண்புள்ளி. வெளிச்சம் பட்டால்தான் அந்த மாத்திரை வேலை செய்யும். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் விழுங்கிவிட்டு, அப்புறம் வெயிலில் நிற்க வேண்டும். "சூரியனை நம்பி நில்லுங்க. அவன்தான் உங்களைக் குணமாக்கப் போறான்" என்று ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார்.

புள்ளிகள் மறையத்தான் செய்தன. ஆனால் எட்டுப் பேருக்கு வயிற்றில் புண். ரஸீனாவின் வயிற்றில் ஒரு கீறல் இல்லை. வெற்றிலை, மிளகாய், பரம்பரை என்று நாற்பத்திரண்டு கேள்வி கேட்டும் வேறு காரணம் அகப்படவில்லை. ரஸீனாவுக்கு ஏதோ பிறவிப் பலம் என்று அடிக்குறிப்பு எழுதிவிட்டார். சாயந்தரம் ஆராய்ச்சி அறிக்கை கொழும்புக்குப் போகும். மாத்திரை அத்தோடு நிற்கும், அவர் பெயரும் நாலு பேருக்குத் தெரியவரும். பின்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நிஷாந்தி எழுந்தாள். தையில் அவளுக்குக் கல்யாணம். கன்னத்தில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு வெளுப்பு இன்னும் பாக்கி.

"நிப்பாட்டிறாதீங்க டொக்டரய்யா. வலிய நான் பொறுத்துக்கிறேங்க. இந்த மூஞ்சியோட மணவறையில எப்புடிங்க ஒக்காருவேன்?"

பிரதாப்புக்கு மனசு கேட்கவில்லை. இருந்தாலும் விஞ்ஞானம் விஞ்ஞானம்தானே.

"உயிர் இருந்தாத்தானம்மா கல்யாணம்? புண் முத்தினா ரத்தமா வரும். நிப்பாட்டினா நிப்பாட்டினதுதான்."

நிஷாந்தி துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூத்தவள் காளியாயி ஜன்னல் வழியாக மூட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் ரஸீனாவின் பிஸ்கட்டைப் பார்த்தாள்.

"அப்ப இனி வெரதம் இருக்க வேணாமுங்களா, டொக்டரய்யா?"

"எந்த விரதம்?"

"மாத்திரை போட்டா சூரியனைக் கும்பிடுற வரைக்கும் பட்டினிதானேங்க... நேத்துப் போட்டதுக்கு இன்னும் வெயிலே வரலீங்களே!"