ஆமென் சொல்லும்வரை

ஜெபம் தொடங்கிவிட்டது. இனி ஆமென் வரும்வரை நேசையா கண்ணைத் திறக்க முடியாது.

செல்போன் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது. போனைக் காதில் பிடித்துக்கொண்டு கைகூப்ப முடியாதே. வீட்டில் ஆள் இல்லை என்ற தைரியமும் சேர்ந்துகொண்டது. சாலோமி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற மனைவி லேசில் திரும்ப மாட்டாள்.

“அன்பின் பரலோகப் பிதாவே, உம்முடைய பிள்ளை நேசையா ஐயாவையும், சாலோமி அம்மாவையும், தூர தேசத்தில் இருக்கிற மகள் ஜெசியையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்.”

பேர் பேராகச் சொல்லி எவ்வளவு அழகாக ஜெபிக்கிறான் இந்த எஸ்றா! சொந்த சபைப் போதகரே ஜெசியைக் கெசியா என்றுதான் ஜெபிப்பார்.

எஸ்றாவை நேசையா நேரில் பார்த்ததில்லை. பெங்களூரில் இருக்கிறானாம். விடுமுறைக் கிளப் உறுப்பினர் உரிமையை வேறு ஆளுக்குக் கைமாற்றி விடுவதுதான் தொழிலாம்.

அந்தக் கிளப் நேசையா பிடித்த புலிவால். வருஷத்துக்கு ஒரு வாரம் மலைவாசத்தலத்தில் ராஜாபோல் தங்கலாம் என்று வண்ணார்பேட்டை ஹோட்டல் ஒன்றில் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் கூட்டுவட்டி சொல்லிக்கொடுத்த கணக்கு வாத்தியார், பிரியாணி செரிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். மே மாதம் கேட்டால் அறை கிடையாது. கொட்டுகிற மழையில் வேண்டுமானால் வரலாம். போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால் கிளப்காரர்கள் முடியாது என்றார்கள்.

கடைசியில் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில், இந்தக் கிளப்பிலிருந்து விடுதலை கிடைக்க ஜெபியுங்கள் என்று எழுதினார். வழக்கப்படி கணவன் மனைவி இருவர் பெயரும், இருவர் நம்பரும் போட்டார்.

அந்த வாரமே எஸ்றா கூப்பிட்டான். தோத்திரம் ஐயா என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான். ஹலோ என்றிருந்தால் நேசையா சந்தேகப்பட்டிருப்பார்.

வாங்க ஆள் தயார் என்றான். கைமாற்றும் கட்டணத்தை மட்டும் முன்பணமாகக் கட்டச் சொன்னான், கட்டியாயிற்று. இப்போது ஆட்சேபணை இல்லை என்று கிளப்பிடம் கடிதம் வாங்க வேண்டுமாம். அதற்காக நேசையா வங்கியில் போட்டிருந்த வைப்புத்தொகையை உடைத்து வைத்திருந்தார். இருவரின் முதுமைக்கும் அது ஒன்றுதான் கையிருப்பு. ஆமென் சொன்னதும் அனுப்ப வேண்டும்.

ஐயா கண்ணை மூடினால் இந்தப் பாரம் மகள் தலையில்தான் விழும் என்று எஸ்றா சொல்லியிருந்தான். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், செக் வந்ததும் கையில் கொடுத்து ஆச்சரியப்படுத்துங்கள் என்றும் சொல்லியிருந்தான்.

வாசல் கேட் கிறீச்சிட்டது.

செருப்பைக் கழற்றும் சத்தம். சாலோமிதான்.

போனை அணைத்துவிடலாம். ஆனால் பாதி ஜெபத்தை அறுத்தவர் அல்ல அவர். ஒருமுறை ஆராதனையில் கட்டெறும்பு கடித்தபோதுகூட ஆமென் சொல்லிவிட்டுத்தான் காலை உதறினார்.

ஜெபம் நடக்கும் இடத்துக்கு வருகிறவர் வந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். சாலோமி நின்றுவிட்டாள். பையைப் பைய கீழே வைப்பது கேட்டது.

ஆமென் முடிந்ததும் எஸ்றா பணத்தைக் கேட்பான். சாயம் வெளுத்துவிடும். அன்றைக்கு ஹோட்டலிலேயே வேண்டாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தவள் அவள். அதற்குப் பிறகு ஒருநாளும், அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டியதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் பேசாமல் இருந்ததுதான் அவரை அரித்தது.

வாழ்நாளிலேயே முதல் தடவையாக, ஒரு ஜெபம் இன்னும் நீளட்டும் என்று நேசையா ஜெபித்தார்.

குரல் தாழ்ந்தது. முடிக்கப் போகிறான். எஸ்றா ஜெபத்தை முடிக்கும் விதமே தனி. அந்த வார்த்தைகள் ஜெபப் புத்தகத்தில் கிடையாது, எந்தப் போதகரும் சொல்லிக் கேட்டதும் கிடையாது. போன தடவை பணம் அனுப்பிய அன்றைக்கு இவன் வாயில்தான் நேசையா அவற்றை முதன்முதலாகக் கேட்டார்.

“தாமிரபரணி கடலுக்குப் போவதுபோல, இந்த வீட்டின் பாரமெல்லாம்…” என்று எஸ்றா மூச்சு வாங்க நிறுத்தினான்.

“…உம்முடைய பாதத்தில் போய்ச் சேருவதாக,” என்று முதுகுக்குப் பின்னால் சாலோமி முணுமுணுத்தாள்.

எஸ்றா அதையே சொன்னான், அவளுக்குப் பிந்தி.

ஆமென் என்று மூன்று பேரும் சொன்னார்கள்.

நேசையா கண்ணைத் திறந்து போனை அணைத்தார். திரும்பிப் பார்த்தார். சாலோமி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

காய்கறிப் பைக்குள் அவளுடைய போன் அடிக்க ஆரம்பித்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“ஒங்களுக்குத் தெரியாமலே இந்தக் கிளப்பு விஷயத்த முடிச்சுக் குடுத்திரணும்னுதான் நானும் நெனச்சேன்,” என்றாள்.