ஸ்டானிஸ்லாஸ் வைக்கும் பரீட்சை

மலர்க்கொடி முந்தானை முடிச்சை அவிழ்த்து மெடலை மேசைமேல் வைத்ததுமே ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரிந்துவிட்டது, அசல் என்று. தெரிந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"எங்கம்மா புடிச்சே இத்த?"

"எங்க வூட்டுக்காருது சார். மாமியாருக்குத் தெரியாம எடுத்தாந்தேன். நெசமா, டூப்பான்னு பாத்துச் சொல்லுங்க."

ராயபுரத்து மாடியறை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். பர்மா போரிலிருந்து கார்கில் வரை மெடல்கள், தொப்பி வில்லைகள், பித்தளைப் பொத்தான்கள். துறைமுக வேலை போக மிச்ச நேரமெல்லாம் ஸ்டானிஸ்லாஸுக்கு இந்த அறைதான். அவர் ஒன்றை அசல் என்று சொல்லிவிட்டால் தில்லிக்காரர்கள்கூட மறுபேச்சு பேச மாட்டார்கள்.

பொருளைச் சோதிப்பதோடு அவர் நிற்பதில்லை, கொண்டுவந்த ஆளையும் சோதிப்பார். எதை நீட்டினாலும் முதலில் "டூப்பு" என்பார். திருடனும் வியாபாரியும் உடனே விலையைக் குறைப்பார்கள். மெடல் பெற்றவரின் சொந்த ரத்தம் என்றால் சண்டைக்கு வரும். ஒரு சுபேதாரின் மகள் அவர் சட்டைக் காலரையே பிடித்துவிட்டாள். அதற்கப்புறம் உண்மையைச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து சமாதானம் செய்வார்.

லென்ஸை எடுத்தார். சேனா மெடல். வெள்ளியின் கனம் சரி, நாடாவின் நெசவு சரி. விளிம்பில் எண், பதவி, 'நிலவன்' என்ற பேர், எல்லாம் ஒரே சீராக வெட்டிய எழுத்து. இப்படி ஒன்று அவர் பெட்டியில் இல்லை.

"உன் வூட்டுக்காரு இப்ப எங்கம்மா?"

"பனிமலைல கீறாரு சார்."

"அவராண்ட ஒரு வார்த்தை கேக்காமயா எடுத்தாந்தே?"

"எங்க சார் கேக்கறது? போனே போவல."

புருஷன் எல்லையில் குளிரில் நிற்கிறான், இவள் மெடலை விற்க வந்திருக்கிறாள். பளபளவென்று மெட்டி வேறு. ஸ்டானிஸ்லாஸ் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

"சீக்கிரம் சொல்லுங்க சார். சாயந்தரம் வூட்டுக்கு ஆளுங்க வராங்கோ. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும்."

ஆளுங்க. பெரம்பூர் மெடல் வியாபாரி திருமலையாகத்தான் இருக்கும். பட்டாளத்துக்காரன் வீடு எங்கிருந்தாலும் மோப்பம் பிடித்து, ஆப்பிள் பையோடு போய் நிற்கிற ஆள். போன மாதம்கூட ஒரு மெடலை மூக்குக்கு முன்னால் தட்டிக்கொண்டு போனான்.

"டூப்பும்மா" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

அவள் விலை பேசவில்லை. சண்டைக்கும் வரவில்லை. நாற்காலி நுனிக்கு நகர்ந்து வந்தாள்.

"மெய்யாலுமா சார்?"

"நான் இன்னா உன்னாண்ட வெள்ளாடிகினா கீறேன்? இது வெள்ளியே இல்ல. பிளாட்பாரத்துல கூவி விக்கறான்."

அவள் சுவரிலிருந்த மாதா படத்தைக் காட்டினாள். "அந்தம்மா மேல ஆணையா?"

வழக்கமாக இந்த இடத்தில் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவார். இன்றைக்குக் குறுக்கே திருமலை நின்றான். சாயந்தரம் தாண்டட்டும், நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லி நியாயமான விலையும் கொடுத்துவிடலாம். படத்தைப் பார்க்காமலே தலையாட்டினார்.

மலர்க்கொடி போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். பிறகு அதை அவரிடம் நீட்டினாள்.

"எங்க கொழுந்தனாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்களே ஒரு தபா சொல்லிடுங்க சார்."

மறுமுனையில் குரல் எகிறியது. "யார்யா நீ? கவர்மெண்டே கூப்ட்டு குடுத்த மெடலு அது!"

"நான் இதுலயே ஊறிப்போனவன் நைனா" என்றார் ஸ்டானிஸ்லாஸ், யாரிடமும் அதுவரை விட்டுக்கொடுக்காத குரலில். "டூப்புன்னா டூப்புதான்."

மலர்க்கொடி போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"கேட்டீங்கல்ல? யாரும் வர வாணாம். எல்லாரையும் திருப்பி அனுப்பிடுங்க."

திருமலை தொலைந்தான். ஸ்டானிஸ்லாஸுக்கு மூச்சு லேசாக வந்தது.

அவள் எழுந்தாள். வந்தபோது இருந்த முகமே இல்லை அது, யாரோ விளக்கேற்றியது போல இருந்தது. மெடல் மேசையிலேயே கிடந்தது.

"மெடலை வுட்டுட்டுப் போறியே."

"நீங்களே வெச்சிக்கங்க சார். அது இன்னாத்துக்கு எனக்கு?"

இத்தனை வருஷத்தில் ஓர் அசல் இப்படிச் சும்மா அவர் கைக்கு வந்ததில்லை. சந்தோஷப்பட முடியாமல் ஏதோ உறுத்தியது. பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்.

"வாங்கறதுக்கு வரதா இருந்த ஆளுங்க கோச்சுக்க மாட்டாங்களா?"

"வாங்கறதுக்கு இல்ல சார், என் தாலிய எறக்கறதுக்கு வரதா இருந்தாங்க. இத்தினி மாசமா நான்தான் வுடல."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சிரித்தாள்.

"கவர்மெண்டு குடுத்த மெடலே டூப்புன்னா, அவுரு பனில பொதஞ்சி செத்துட்டாருன்னு சொன்னதும் டூப்புதான சார்?"