இரண்டாவது நம்பர்

இரண்டாவது நம்பர் மறுபடியும் பிஸி.

மூன்றாவது தடவை. யாரய்யா இது, காலையிலிருந்து போனைக் கீழே வைக்காத ஆள்?

காசநோய் பரிசோதனை வேன் இன்று ஸ்ரீரங்கத்தில், வடக்கு உத்திர வீதியில் நிற்கிறது. எக்ஸ்ரே எடுக்க இன்னும் ஒருவரும் ஏறவில்லை. "எங்காத்துல யாருக்கும் இருமல் கிடையாது" என்று ஒரு மாமி நான் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

ஆள் வராத நேரத்தில் எனக்கு முடிவு சொல்லும் வேலை. முந்தாநாள் உறையூரில் வாங்கிய சளி மாதிரிகளில் ஒன்றில் கிருமி இருக்கிறது.

சுடலைமுத்து, அறுபத்தெட்டு வயது. தொழிற்சாலையில் ரிட்டயர் ஆகி, கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, உறையூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். இன்றே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். அவர் போனோ ஸ்விட்ச் ஆஃப்.

நேரே போய்விடலாம்தான். ஆனால் இந்த வேன் ஒரு வாசலில் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். போன வருஷம் ஒருத்தருக்கு அப்படித்தான் ஆனது.

அதனால் முதலில் போன். அவர் எடுக்காவிட்டால் வேண்டப்பட்டவர் யாருக்காவது போன். அதற்குத்தான் ஃபாரத்தில் இரண்டாவது நம்பர்.

அதை எழுத அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்! பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். பின்னால் நாற்பது பேர். எனக்குப் பொறுமை கம்மி, வாய் ஜாஸ்தி.

"யாராவது ஒருத்தர் நம்பர் போடுங்க சார். யாருமே இல்லாமலா இருப்பாங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தார். நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு எண்ணாக எழுதினார். யோசித்து எழுதுகிறார் என்று நினைத்தேன். உறவு என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று போட்டார்.

நல்ல தெரிந்தவர்! மனுஷன் அங்கே இருமிக்கொண்டு கிடக்கிறார், இங்கே ஓயாத அரட்டை. லைன் மட்டும் கிடைக்கட்டும், வாங்கு வாங்கென்று வாங்கிவிடுகிறேன்.

நான்காவது தடவையும் பிஸி.

முகாமுக்கென்று கொடுத்த புதுப் போன் இது. கைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. இதில்தான் கோளாறோ என்னவோ. டிரைவர் ஹாலித்திடம் ஃபாரத்தைக் கொடுத்து, அவர் போனிலிருந்து போட்டுப் பார்க்கச் சொன்னேன். வெயில் தாங்காமல் அவர் வேனுக்கு அந்தப் பக்கம் போனார்.

என் கையிலிருந்த போன் அடித்தது.

புது நம்பர். இந்த நேரத்தில் யாரென்று எரிச்சலோடு எடுத்தேன்.

"வணக்கங்க. சுடலைமுத்து சாருக்குத் தெரிஞ்சவங்கதானே பேசறது?"

ஹாலித்தின் குரல். போனிலும் கேட்டது, வேனுக்கு அந்தப் பக்கத்திலும் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். வேனின் பக்கவாட்டில் எங்கள் பேனர். 'சந்தேகம் இருந்தால் அழையுங்கள்' என்பதற்குக் கீழே, தூரத்திலிருந்தும் படிக்கிற மாதிரி பத்து எண்கள். முந்தாநாளும் அதற்கு முன்னால்தான் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

என்ன கேள்வி கேட்டுவிட்டேன் அவரை, அத்தனை பேர் முன்னால்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றார் ஹாலித்.

"இருக்கேன்" என்றேன். "தெரிஞ்சவங்கதான். சொல்லுங்க."