அவசர ஆர்டர்

"நாளைக்கே கடையக் காலி பண்ணிக் குடுத்துருங்க பாய். அவசர ஆர்டருங்க. இதை இடிச்சுட்டுத்தான் பேக்கிங்குக்கு ஷெட் போடோணும்" என்றார், இடத்துக்குச் சொந்தக்காரரான பனியன் கம்பெனி முதலாளி ஞானசம்பந்தம்.

டீக்கடை சலாவுதீன் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "முதலாளி, ஆம்பளைய விரும்பற ஆம்பளைங்க பயமில்லாம சேர்ந்து உக்கார இந்த ஊர்ல இது ஒண்ணுதானுங்க இருக்குது. இதையும் இடிச்சா எங்கீங்க போவாங்க?"

"டீக்கடைதானுங்க, என்னமோ கோட்டையாட்டம் பேசறீங்க! மனசுல வெச்சுக்காதீங்க. இந்தாங்க, அதே ஆர்டர்ல ஒரு பனியன்."

அவர் போனதும், மூலை பெஞ்சில் சிவபிரகாஷின் தோளில் சாய்ந்திருந்த தீனதயாளனிடம் பனியனை நீட்டினார் சலாவுதீன். "இங்கிலீஷ்ல என்ன கண்ணு போட்டிருக்குது?"

தீனதயாளன் படித்துவிட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "வெளிநாட்டுல நம்மளாட்டம் ஆளுங்க கூடற பழைய மது பார் ஒண்ணை இடிக்கப் போறாங்களாமுங்க பாய். 'இது எங்க சரித்திரம், இடிக்காதே'ன்னு போராடப் போறாங்களாம். அதுக்குப் போட்டுக்கற பனியனுங்க."

சலாவுதீன் அடுப்பை அணைத்தார்.

"அப்ப எந்திரிங்க, பெஞ்சைத் தூக்குங்க. நாம லேட் பண்ணுனா, பனியன் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க இடிச்சுப் போடுவாங்க."