இரண்டு வருஷப் படிப்பு

"ரெண்டு வருஷம் படிச்சிட்டு வெளிய வந்தா ஒரு குடும்பத்தைக் காப்பாத்த முடியுமா? சுத்தி வளைக்காம அதைச் சொல்லுங்க தம்பி."

கேட்டவர் ஒரு தையல்காரர். தொழில்நுட்பக் கல்லூரியில் அன்று சேர்க்கை நாள். கூடத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பக்கத்து மேசைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், "இங்க வாங்க சார், கூட்டமே இல்ல" என்று கூப்பிட்டும் பார்த்தார்கள். அவரோ லிஃப்ட் பராமரிப்பு மேசையின் நீள வரிசையில்தான் நின்றார். தன் முறை வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

எதிரே இருந்த இளைஞன் அதே கல்லூரியில் படித்தவன். இப்போது ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு விவரம் சொல்ல வருஷத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வருவான்.

"காப்பாத்தலாம் சார். ஆனா முதல் வருஷமே இல்ல."

"ஏன்?"

"அப்ப உதவியாள் சம்பளம்தான். கைக்கும் வாய்க்கும் சரியா இருக்கும். மூணாவது வருஷம் லைசென்ஸ் வந்தப்புறம்தான் மூச்சு விடலாம்."

தையல்காரரின் முகம் சுருங்கியது. "செலவு?"

"ஃபீஸ் மொத்தமும் ஒரு நல்ல மோட்டார் பைக் விலை. டூல்ஸ், ஷூ, ஹெல்மெட் தனி. பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஆகுறதை யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க. நீங்க சேத்துக்குங்க."

"நாலு வருஷப் பட்டம் படிச்சவனுக்கு இதைவிட நிறைய வருமே?"

"ஆரம்பத்துல வரும் சார், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க படிச்சு முடிக்கிறப்ப நாம ரெண்டு வருஷம் சம்பாதிச்சிருப்போம். கடனும் பாதிதான் இருக்கும். அதுக்கப்புறம் அவங்கவங்க சாமர்த்தியம்."

"உங்களுக்குக் கடன் இருக்கா?"

"இருக்கு. அடுத்த வருஷம் முடிஞ்சிடும்."

பின்னால் நின்ற ஒரு அம்மாள் பலமாகத் தொண்டையைக் கனைத்தாள். தையல்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் கத்திரி வைக்காத மனிதர் அவர்.

"ராத்திரியில கூப்பிடுவாங்களா?"

"மாசத்துல ஒரு வாரம். யாராவது உள்ள மாட்டிக்கிட்டா போய்த்தானே ஆகணும்?"

"கையைக் காட்டுங்க பாப்போம்."

இளைஞன் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தான். தையல்காரர் விரல்களை எண்ணிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பார்வை சட்டைக் கைக்குப் போயிற்று.

"இந்தப் பொத்தானை யார் தைச்சது? நூல் வேற கலரா இருக்கு."

"நான்தான் சார். வீட்டுல அந்த நூல்தான் இருந்துது."

"கலர் கிடக்கு. முடிச்சு நல்லா போட்டிருக்கீங்க."

இந்த மாதிரி ஒரு கேள்வியை அந்த மேசையில் இதுவரை யாரும் கேட்டதில்லை. இளைஞன் பேச்சைப் படிப்புக்குத் திருப்பினான்.

"சேரப்போறது பையனா சார், பொண்ணா?"

"எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு." அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "அம்மா இல்லாம வளந்தவ. இதுல நான் ஒரு தப்பு பண்ணிட்டா காலம் பூரா அவதான் கஷ்டப்படணும். அதான் உங்களை இப்படிப் பிடுங்கி எடுக்குறேன்."

"தாராளமா கேளுங்க சார். எங்க செட்ல படிச்ச பொண்ணு ஒருத்திதான் இப்ப எனக்கே சூப்பர்வைசர், தினம் திட்டு வாங்குறேன். ஆனா ஒண்ணு. உங்க பொண்ணுக்கு இதுல இஷ்டம் இருக்கணும். நம்ம ஆசைக்குச் சேத்துவிட்டா காசும் போகும், ரெண்டு வருஷமும் போகும். இன்னிக்கே பணம் கட்டாதீங்க. வீட்டுல அவங்களைக் கேட்டுட்டு வாங்க."

ஆள் பிடிக்க உட்கார்ந்தவன், வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறான்! தையல்காரருக்கு நெஞ்சிலிருந்த பாரம் சட்டென்று இறங்கியது. இத்தனை நாள் வீணாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அவளுக்கு ரொம்ப இஷ்டம் தம்பி. எனக்குத்தான் மனசு வரல."

"இப்ப?"

"வந்திடுச்சு."

"அப்ப ஃபாரம் எழுதிடலாமா சார்?"

"ஃபாரமெல்லாம் வேணாம். கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

இளைஞன் ஒன்றும் புரியாமல் எழுந்தான். தையல்காரர் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை உருவியபடி மேசையைச் சுற்றி வந்து, அவன் தோளில் வைத்து இழுத்துப் பிடித்தார். வரிசையே வேடிக்கை பார்த்தது.

"எதுக்கு சார் இது?"

"பட்டம் வாங்காதவனுக்குப் பொண்ணு தரமாட்டேன்னு ஒரு மாசமா எங்க வீட்டுல சண்டை. 'அந்தப் படிப்பு சோறு போடுமான்னு அவர்கிட்டயே போய்க் கேளுங்கப்பா, ஆனா நீங்க யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு என் மக அனுப்பி வச்சா" என்றவர், நாடாவை அவன் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க மாப்பிள்ளை, கல்யாணக் கோட்டு அளவு தப்பிடும்."